18 வயசு முடிஞ்சு ஹோம விட்டு வெளிய வர்ற மாற்றுத்திறனாளி பிள்ளைங்க: டெல்டா மாவட்டங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஹோம்ல வளர்ற பிள்ளையோ வளர்ப்புக் குடும்பத்துல இருக்கற பிள்ளையோ, 18 முடிஞ்ச அன்னைக்கு சட்டப்படி குழந்தை கிடையாது. அதுவரைக்கும் பொறுப்பா இருந்த குழந்தைகள் நலக்குழு (இனிமே கமிட்டின்னு சொல்றேன்), மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாம் ஃபைல மூடலாம், ஆனா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல அந்தப் பிள்ளை பேர்ல பல நேரம் ஒரு ஃபைலே திறந்திருக்காது. ரெண்டு ஆபீசும் பல ஊர்ல ஒரே கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலதான் இருக்கும், இருந்தாலும் இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்கு ஃபைல் தானா நடந்து போகாது, யாராச்சும் ஒரு ஆள் கையில எடுத்துட்டுப் போகணும். அந்த ஆள் நீங்கன்னா, ஹோம் வார்டனோ, ஹோம்ல இருக்கற அம்மாவோ, வளர்ப்புத் தாயோ, பிள்ளைய திரும்ப கூட்டிட்டுப் போகப்போற சித்தியோ மாமாவோ, இத பொறுமையா படிங்க.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலையும் மனசுல வச்சுதான் எழுதறேன். நம்ம பக்கம் வளர்ப்புக் குடும்பத்துல இருக்கற பிள்ளைங்கள விட ஹோம்ல வளர்றவங்கதான் அதிகம், அதனால ஹோம் பத்தித்தான் நிறைய வரும், ஆனா படிகள் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

முதல் படி: பிள்ளைகிட்ட கேளுங்க

இத நான் கடைசில வைக்கல, ஏன்னா எல்லாரும் கடைசிலதான் வைக்கறாங்க. கமிட்டி பேசும், வார்டன் பேசுவாங்க, சொந்தக்காரங்க பேசுவாங்க, பிள்ளை ஓரமா நிக்கும். "உனக்கு என்ன வேணும்"னு திடீர்னு கேட்டா பதில் வராது, ஏன்னா பெல் அடிச்சா எழுந்து பெல் அடிச்சா சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு சட்டை கலர் கூட தானா தேர்ந்தெடுத்த பழக்கம் இருக்காது. அதனால சின்னதுலேருந்து ஆரம்பிங்க. கடைக்கு கூட்டிட்டுப் போய் சோப்ப அதையே எடுக்க விடுங்க, யார் கூட ரூம்ல இருக்கப் பிடிக்கும், யார் பக்கத்துல இருந்தா பயமா இருக்குன்னு கேளுங்க. பேச வராத பிள்ளைன்னா படம் காட்டுங்க, போகப்போற இடத்துக்கு நேர்லயே கூட்டிட்டுப் போய் ஒரு நாள் வச்சுப் பாருங்க, முகத்துலயும் சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும் பதில் தெரியும். காது கேக்காத பிள்ளைன்னா சைகை மொழி தெரிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும், ஹோம்ல பழகுன நாலு சைகைய வச்சு பிள்ளையோட வாழ்க்கைய முடிவு பண்ணக் கூடாது.

ரெண்டாவது படி: தேதியப் பிடிங்க

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம்னு ஒண்ணு எழுதியிருக்கணும், அந்தச் சட்டத்தோட 2016 மாதிரி விதிகள்ல அது படிவம் 7. அத எடுத்துப் பாருங்க. பல இடத்துல சேந்தப்ப எழுதுனது அப்படியே கிடக்கும். பிள்ளை வெளிய போறதுக்கு 2 மாசம் முன்னாடியே வெளியேறினதுக்கு அப்புறம் என்னங்கற திட்டத்த கமிட்டிக்கு குடுத்து, பின்பராமரிப்பு, அதாவது 18க்கு அப்புறமும் தொடர்ற உதவி, வேணும்னு பரிந்துரைக்கணும்னு அதே விதிகள் சொல்லுது. மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு 2 மாசம் பத்தவே பத்தாதுங்கறதுதான் என் கருத்து, 16 வயசுலயே ஆரம்பிச்சாதான் அடையாள அட்டை, பேங்க், இடம், வேலை எல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்து சேரும்.

பிறந்த தேதிய முதல்லயே சரிபாருங்க. ரோட்டுலயோ ரயில்லயோ கிடைச்ச பிள்ளைங்களுக்கு வயசு டாக்டர் கணிச்சதாத்தான் இருக்கும், கமிட்டி ஆர்டர்ல ஒண்ணு, ஸ்கூல் டிசில ஒண்ணு, ஆதார்ல ஒண்ணுன்னு மூணு தேதி இருந்தா பின்னாடி ஒவ்வொரு கவுண்டர்லயும் திருப்பி அனுப்புவாங்க. கமிட்டி ஆர்டர அடிப்படையா வச்சு மத்தத திருத்துங்க, ஹோம்ல இருக்கறப்பவே திருத்துங்க. பொறுப்பாளர்னு கையெழுத்துப் போட ஆள் இருக்கற காலம் அதுதான்.

மூணாவது படி: பேப்பர்

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், ஏன்னா பிள்ளைங்க தவிக்கறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

ஆதார்ல 15 வயசுக்கு மேல கைரேகை, கண் பதிவு புதுப்பிக்கணும், அது விட்டுப் போயிருந்தா பேங்க்ல மாட்டும். கை ரேகை விழாத பிள்ளை, கண் பதிவு எடுக்க முடியாத பிள்ளைன்னா விதிவிலக்கோட பதிய வழி இருக்கு, சென்டர்ல அத சொல்லிக் கேளுங்க. முகவரி ஹோம் முகவரியா இருக்கும், வெளிய போன உடனே மாத்தணும். மாத்தறதுக்கு முன்னாடி அந்த முகவரில வர்ற தபால் எல்லாம் வாங்கி வைக்க ஹோம்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.

சாதிச் சான்றிதழ் விஷயம் பலருக்குத் தெரியாது. 10 வயசுக்குள்ள அப்பா அம்மாவ இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பாத்துக்க வேற ஆள் இல்லாம, அரசு நடத்துற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கூல்லயோ ஹோம்லயோ சேந்த பிள்ளைங்கள தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்லயே சேத்துருக்காங்க. சாதி தெரியாதுங்கறதால சான்றிதழே கிடையாதுன்னு யாராச்சும் சொன்னா இதச் சொல்லுங்க, தாசில்தார் ஆபீஸ்ல கமிட்டி ஆர்டரோட மனு குடுங்க. காலேஜ், அரசு வேலை ரெண்டுக்கும் இது வேணும்.

அப்புறம் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அவங்க கார்டுல பேர் சேக்கணும்.

எல்லா பேப்பரையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுங்க, டிஜிலாக்கர்ல ஏத்துங்க, ஒரிஜினல பிளாஸ்டிக் கவர்ல போட்டு பிள்ளை கையிலயே குடுங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் கூரை பறந்த வீட்டுல மொதல்ல போனது பெட்டியும் பேப்பரும்தான். ஹோம் பீரோவுல ஒரிஜினல் தங்கிடக் கூடாது, அது அந்தப் பிள்ளையோடது.

நாலாவது படி: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. யூடிஐடின்னு சொல்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைல 40க்கு கீழன்னா வெள்ளைக் கோடு, 40லேருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். சின்ன வயசுல எடுத்த சான்றிதழ் தற்காலிகம்னு போட்டு இத்தன வருசம்னு முடியற தேதி இருக்கும், குறிப்பா அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு. 18 ஆகற நேரத்துல அந்தத் தேதி தாண்டியிருந்தா உதவித்தொகை மனு அங்கயே நின்னுடும். அதனால 17 வயசுலயே பாத்து புதுப்பிங்க, ஐக்யூ பரிசோதனைக்கு உளவியலாளர் வர்ற நாள் எதுன்னு முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க, பிள்ளைய அலைக்கழிக்காதீங்க. டெஸ்ட் அன்னைக்கு பிள்ளைய தினமும் பாக்கற ஆள் கூடப் போகணும். அன்னைக்கு டியூட்டில இருக்கற யாரோ கூடப் போனா "என்ன என்ன செய்யத் தெரியும்"னு டாக்டர் கேக்கறதுக்கு பதில் சொல்லத் தெரியாது.

மயிலாடுதுறை 2020 டிசம்பர்லதான் தனி மாவட்டம் ஆச்சு, அதனால சீர்காழி, தரங்கம்பாடி பக்கத்துப் பிள்ளைங்க பழைய பேப்பர்ல நாகப்பட்டினம்னே இருக்கும். அது தப்பு இல்ல, ஆனா எந்த மாவட்டத்துல மனு குடுக்கறதுன்னு குழப்புவாங்க, இப்ப இருக்கற முகவரி எங்கயோ அங்க குடுங்க. காரைக்கால் இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம், அது புதுச்சேரி. யூடிஐடி இந்தியா முழுக்க செல்லும், ஆனா மாச உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேற. நாகூர்ல வளர்ந்த பிள்ளைய காரைக்கால் அத்தை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி இத யோசிச்சுடுங்க.

அஞ்சாவது படி: பணம்

மிஷன் வத்சல்யா திட்டத்துல பின்பராமரிப்புக்கு மாசம் 4,000 ரூபாய், பிள்ளை பேங்க் கணக்குக்கே போகணும். 21 வயசு வரைக்கும் பின்பராமரிப்பு குடுக்கலாம், விசேஷ காரணம் இருந்தா இன்னும் 2 வருசம், அதாவது 23 வரைக்கும் நீட்டலாம். மாற்றுத்திறனே அந்த விசேஷ காரணம்னு எழுதிக் கேளுங்க, கேக்காம யாரும் நீட்ட மாட்டாங்க. இது தானா வர்றதில்ல, கமிட்டி ஆர்டர் வேணும்.

மாநில அரசோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய், 2023 ஜனவரிலேருந்து இந்தத் தொகை. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு மாதிரி வகைகளுக்கு இது, மனு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல. மத்த வகைப் பிள்ளைங்களுக்கு தாலுகா ஆபீஸ் வழியா வர்ற ஓய்வூதியம் இருக்கு. எது எதுக்குத் தகுதின்னு அலுவலகத்துலயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

பேங்க் கணக்கு ரொம்ப முக்கியம். சின்ன வயசுல ஹோம் பொறுப்பாளரோட சேத்து திறந்த கணக்கா இருக்கும். 18 ஆன உடனே மேஜர் கணக்கா மாத்தி, புது போட்டோ, புது கையெழுத்து, கையெழுத்து வராதுன்னா கைநாட்டு குடுக்கணும். பார்வை இல்லாதவங்களுக்கு ஏடிஎம் கார்டும் செக் புக்கும் மறுக்க பேங்க்குக்கு அதிகாரம் இல்ல, தைரியமா கேளுங்க. வெறும் கணக்கு திறந்தா மட்டும் போதாது. மாசம் 200 ரூபாய பிள்ளை கையில குடுத்து, அதுவே செலவு பண்ணி, அதுவே தப்பு பண்ணி, அடுத்த மாசம் வரைக்கும் இல்லாம இருந்து பழகட்டும். அந்தத் தப்பு 17 வயசுல ஹோம்ல நடந்தா பாடம், 19 வயசுல தனி ரூம்ல நடந்தா பட்டினி. பின் நம்பர் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறத திரும்பத் திரும்ப சொல்லுங்க. சொந்தக்காரங்ககிட்டயும்தான்.

ஆறாவது படி: பாதுகாவலர் தேவையா?

எல்லாப் பிள்ளைக்கும் வேண்டாம். கால் நடக்க முடியாதது, கண் தெரியாதது, காது கேக்காததெல்லாம் பாதுகாவலர் போட காரணமே இல்ல, 18 ஆனா அவங்க முடிவு அவங்களோடது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கு. கலெக்டர் இருக்கற உள்ளூர் அளவுக் குழுவுல மனு குடுக்கணும். அப்பா அம்மா, சொந்தக்காரங்க, இல்ல பதிவு பெற்ற அமைப்பு பாதுகாவலரா வரலாம். மத்தவங்களுக்கு 2016 சட்டத்துல வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறைன்னு ஒண்ணு இருக்கு, எதுக்கு உதவி வேணுமோ அதுக்கு மட்டும், பிள்ளையோட கலந்து பேசி முடிவு பண்றது.

இங்க ஒரு எச்சரிக்கை. 12 வருசமா எட்டிப் பாக்காத சித்தப்பா 18 ஆகப்போற நேரத்துல பழம் வாங்கிட்டு வருவாரு. பிள்ளை பேர்ல பாட்டன் நிலம் அரை மா கிடக்கும், இல்ல மாச உதவித்தொகை வரும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லல, பாசத்தோட வர்றவங்களும் இருக்காங்க, ஏழ்மையால விட்டுட்டு அழுதுட்டே திரும்ப வர்ற அம்மாக்களும் இருக்காங்க. ஆனா தேசிய அறக்கட்டளை சட்டப்படி பாதுகாவலர் 6 மாசத்துக்குள்ள சொத்துப் பட்டியல் குடுக்கணும், வருசா வருசம் கணக்கு காட்டணும். இத முதல்லயே சொல்லிடுங்க. மனசுல வேற கணக்கு இருக்கறவங்க பல பேர் அதக் கேட்டதுமே ஒதுங்கிடுவாங்க.

ஏழாவது படி: எங்க இருக்கப்போறாங்க

இளைஞர் நீதி விதிகள்ல 6லேருந்து 8 பேர் சேந்து தற்காலிகமா தங்கற கூட்டு வீடு சொல்லியிருக்கு. நம்ம பக்கம் அப்படி இருக்கறது குறைவு, ஆனா ஒரே ஹோம்லேருந்து வெளிய வர்ற மூணு பேர் சேந்து வீடு எடுத்தா வாடகையும் தாங்கும், தனிமையும் தெரியாது. பாதுகாப்பு அலகுகிட்ட பின்பராமரிப்புக்கு முன்வர்ற அமைப்புகள், தனிநபர்கள் பட்டியல் இருக்கணும், அத கேட்டு வாங்குங்க.

வீடு பாக்கறப்ப நம்ம ஊருக்குன்னு சிலது இருக்கு. ஐப்பசி கார்த்திகைல அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நிக்கும்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க. சக்கர நாற்காலி போற பிள்ளைக்கு வாய்க்கா ஓரத்து வீடு மழைக்காலத்துல ஜெயில்தான். கக்கூஸ் வீட்டுக்குள்ள இருக்கா, உக்கார முடியற மாதிரி இருக்கா, ராத்திரி லைட் இருக்கா. டவுன் பஸ் நிக்கற இடம் எவ்வளவு தூரம். முடிஞ்சா மழைக்கு முன்னாடியே, ஆடிக்குள்ள குடி மாத்திடுங்க.

பெரியவங்களுக்கான ஹோமுக்கு மாத்தறதுன்னா, 2016 சட்டத்துல பதிவு பண்ணதா, மனநலம் சம்பந்தப்பட்டதுன்னா 2017 மனநலச் சட்டத்துல பதிவு பண்ணதான்னு சான்றிதழ கண்ணால பாருங்க. கதவு வெளிப்பக்கம் பூட்டற இடத்துல சேக்காதீங்க. சாப்பாட்டு நேரத்துல சொல்லாம போய்ப் பாருங்க, அங்க இருக்கறவங்க முகத்தப் பாருங்க.

சொந்தக்காரங்க வீடுன்னா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ, அனுப்பி ஒரு மாசத்துல ஒரு தடவ போய்ப் பாருங்க. ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் பிள்ளைங்கள முன்பணத்துக்கு விடறது நம்ம டெல்டால இன்னும் முழுசா ஒழியல. வாய் பேசாத, கணக்கு தெரியாத 19 வயசுப் பையன் அதுக்கு சுலபமா மாட்டுவான். பொண்ணுங்கள நூல் மில்லுக்கு மூணு வருசம் இருந்தா மொத்தமா பணம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க. முன்பணம் வாங்கி ஆள வச்சிருந்தா அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல குற்றம், வருவாய் கோட்டாட்சியர்கிட்டயோ (ஆர்டிஓ) கலெக்டர்கிட்டயோ உடனே எழுத்துல குடுங்க.

எட்டாவது படி: உடம்பு, மாத்திரை

தஞ்சாவூர்ல பிள்ளை வைத்தியம்னா ராசா மிராசுதார் ஆஸ்பத்திரின்னு பழகியிருப்பாங்க, 18 ஆனா மெடிக்கல் காலேஜ்ல பெரியவங்க ஓபி. டாக்டர் மாறுறப்ப பழைய சீட்டு, மாத்திரை பேர், அளவு, கடைசியா வலிப்பு வந்த தேதி எல்லாம் ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி பிள்ளை கையில இருக்கட்டும். வலிப்பு மாத்திரைய நாலு நாள் விட்டா என்ன ஆகும்னு அந்த வீட்டுல இருக்கற எல்லாருக்கும் சொல்லுங்க. மனநல மாத்திரையும் அப்படித்தான். குணசீலம் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு பெரியவங்க சொன்னா தாராளமா போங்க, மாத்திரைய கூடவே எடுத்துட்டுப் போங்க. தேசிய அறக்கட்டளையோட நாலு வகைக்கு நிராமயா காப்பீடு வருசம் 1 லட்சம் வரைக்கும் இருக்கு, அதுக்கு மனு குடுங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் தனியா எடுங்க.

இன்னொண்ணு, பலரும் பேசாதது. தன் உடம்ப யார் தொடலாம், யார் தொடக் கூடாது, மாதவிலக்கு சமயத்துல என்ன பண்ணணும், ஆசைன்னா என்ன, கல்யாணம்னா என்ன, இதெல்லாம் இந்தப் பிள்ளைங்ககிட்ட யாரும் பேசறதே இல்ல. 18 வரைக்கும் குழந்தைகள பாலியல் குற்றத்துலேருந்து காக்கற போக்சோ சட்டம் இருந்துச்சு, அதுக்கு மேல அது இல்ல, ஆனா 2016 சட்டத்தோட 92வது பிரிவுல மாற்றுத்திறனாளிகள அவமானப்படுத்தறது, தாக்கறது, பாலியல் ரீதியா சுரண்டறது எல்லாத்துக்கும் 6 மாசத்துலேருந்து 5 வருசம் வரைக்கும் தண்டனை இருக்கு. பொண்ணுங்களுக்கு பெண்கள் உதவி எண் 181அ மனப்பாடம் பண்ண வைங்க.

ஒம்பதாவது படி: படிப்பும் வேலையும்

உயர்கல்வில 5 சதவீத இடம், வயசுல 5 வருச தளர்வு, அரசு வேலைல 4 சதவீத இடம் சட்டத்துல இருக்கு. பரிச்சைக்கு எழுத்தர், கூடுதல் நேரம் முன்கூட்டியே கேக்கணும். அரசுப் பள்ளில 6லேருந்து 12 வரைக்கும் படிச்சிருந்தா பொண்ணுக்கு புதுமைப்பெண், பையனுக்கு தமிழ்ப்புதல்வன், மாசம் 1,000.

வேலைன்னா ஹோம்ல மெழுகுவத்தியும் பினாயிலும் காகிதக் கவரும் பண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்கு அதையே வாழ்க்கையா முடிவு பண்ணிடறோம். அது விக்குமான்னு யாரும் பாக்கறதில்ல. நம்ம பக்கமே எவ்வளவு இருக்கு, தைக்கால்ல பிரம்பு வேலை, நாச்சியார்கோவில்ல குத்துவிளக்குப் பட்டறை, திருபுவனத்துல பட்டு, தஞ்சாவூர்ல தலையாட்டி பொம்மை, வேளாங்கண்ணில கடைகளும் லாட்ஜும். கை வேலைல பொறுமையான பிள்ளைய அங்க ஒரு வாரம் சும்மா உக்கார வச்சுப் பாருங்க, ஓனர்கிட்ட நேர்ல பேசுங்க. "சாப்பாடு போட்டு படுக்க இடம் குடுக்கறோம்"னு சொன்னா அது சம்பளம் இல்ல, சம்பளம் எவ்வளவு, எந்த தேதி, எந்தக் கணக்குக்குன்னு கேட்டு எழுதி வாங்குங்க.

வேலைக்குப் போக பஸ் பழகணும். வெள்ளை போர்டு டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் இலவசம், வெளியூர் அரசு பஸ்ல அட்டையோட கால் பங்கு கட்டணம்தான். ஒரு ரூட்ட மட்டும் எடுத்துக்கங்க, பழைய பஸ் ஸ்டாண்டுல ஏறி மெடிக்கல் காலேஜ்ல எறங்கறதுன்னு வைங்க, முதல்ல பக்கத்து சீட்டுல உக்காருங்க, அப்புறம் பின்னாடி சீட்டுல, அப்புறம் நீங்க முன்னாடியே போய் எறங்கற இடத்துல நில்லுங்க. அது பழகுன பிறகுதான் அடுத்த ரூட்.

பத்தாவது படி: போனதுக்கு அப்புறம்

2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் வந்துச்சு. அப்ப அங்க கலெக்டரா வந்த ஜெ. ராதாகிருஷ்ணன் மாறுதல் ஆகிப் போன பிறகும் அங்க வளர்ந்த பிள்ளைங்களோட தொடர்ப விடல, அவங்க கல்யாணம் வரைக்கும் வந்து நின்னத ஊரே பாத்துச்சு. கலெக்டரா இருக்கணும்னு இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை மாறினாலும் நம்பர மாத்தாத ஒரு ஆள் வேணும், அந்த ஆள் பேர திட்டத்துலயே எழுதுங்க. முதல் மூணு மாசம் வாரம் ஒரு போன், மாசம் ஒரு தடவ நேர்ல. போன்ல "நல்லா இருக்கியா"ன்னு கேட்டா "இருக்கேன்"னுதான் வரும், அதனால நேத்து ராத்திரி என்ன சாப்ட, மாத்திரை எத்தன மிச்சம் இருக்கு, பணம் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹோமுக்கு வர விடுங்க, அது அவங்க பொறந்த வீடு மாதிரி.

பக்கத்துல மாற்றுத்திறனாளிகள் சங்கம் எது இருக்குன்னு பாத்து சேத்து விடுங்க. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல விழுதுகள்னு சேவை மையங்கள் வந்துட்டு இருக்கு, உங்க வட்டாரத்துல இருக்கான்னு நல அலுவலகத்துல விசாரிங்க. ஊராட்சி, நகராட்சில மாற்றுத்திறனாளிகள நியமன உறுப்பினரா போட 2025ல சட்டம் வந்துருக்கு, உங்க ஊர்ல அந்த உறுப்பினர் இருந்தா பிள்ளைய கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்துங்க.

20 வயசு முடியறப்ப கேலண்டர்ல குறிச்சு வைங்க, 21க்கு மேல நீட்டிப்பு கேக்கற மனுவ அப்பவே எழுத ஆரம்பிக்கணும். கூட அடையாள அட்டை நகல், டாக்டர் சீட்டு, வேலை இருந்தா சம்பள விவரம், இல்லன்னா ஏன் இல்லன்னு ஒரு பக்கம், பிள்ளை தன் வார்த்தையில சொன்னது ஒரு பக்கம், எல்லாம் வச்சு கமிட்டில நேர்ல குடுத்து சீல் போட்ட நகல் வாங்கிட்டு வாங்க.